எங்கள் வாசலுக்கு வந்த டிரான்ஸ்பார்மர்

முடிச்சூரில் நாங்கள் வீடு கட்டியபோது தெருவில் ஒன்பது வீடுகள்தான். பிறகு காலி மனைகளில் எல்லாம் அடுக்குமாடிகள் எழும்பின. கரண்ட் மட்டும் இரண்டு தெரு தள்ளி இருந்த அதே பழைய டிரான்ஸ்பார்மரில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. மே மாத மதியங்களில் எல்லா வீட்டு ஏசியும் ஓட ஆரம்பித்தால் எங்கள் ஃபேன் சுற்றுவதை எண்ணிவிடலாம்.

அப்படி ஒரு கோடையில்தான் நுரையீரல் கெட்டுப்போன என் அம்மாவை எங்களோடு வைத்துக்கொண்டேன். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. வோல்டேஜ் இறங்கினால் அது கூவிவிட்டு நின்றுவிடும். ஒருநாள் மதியம் நான்கு முறை நின்றது. சிலிண்டருக்கு மாற்றுவதற்குள் அம்மாவின் உதடு நீலம் பூத்துவிட்டது.

மறுநாள் கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேனைப் பிடித்துக்கொண்டேன்.

"புது டிரான்ஸ்பார்மர் எப்பவோ சாங்ஷன் ஆயிடுச்சு மேடம். வைக்கத்தான் எடம் இல்ல. எந்த வூட்டாண்ட போனாலும் சண்டைக்கு வர்றாங்கோ. முனை வூட்டு சுவரோரம் தோதா கீது. அந்த சார் ஓகே சொன்னா வச்சுடலாம்."

முனை வீட்டுக்காரர் ரிடையரான அதிகாரி. அவர் வீட்டில் ஆளுக்கொரு ஏசி. அவரை எனக்கு எப்போதுமே பிடிக்காது. போய் அம்மாவின் நிலைமையைச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி உங்க வாசல்ல வைக்க வந்தாங்களே, அப்ப என்ன சொன்னீங்க மேடம்?"

என் முகம் சுட்டது.

"வெடிச்சா யாரு பொறுப்புன்னு தெருவே கேக்கற மாதிரி கத்தினீங்க. வீடு வீடா கையெழுத்து வாங்கினீங்க. நானும் போட்டேன். இப்ப என் வாசல்ல மட்டும் வெடிக்காதா?"

"அது வேற சார்…"

"ஒரு வேறயும் இல்ல. உங்க அம்மான்னா மட்டும் வேறயா?"

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதனாலேயே அந்த ஆளை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

வீட்டுக்கு வந்து, எங்கள் வாசலில் வைக்கச் சம்மதம் என்று எழுதினேன். மனை என் பேரில் இருந்ததால் கணவரிடம் கேட்கவில்லை. கரண்ட் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வீட்டோட மதிப்பே போச்சு. அந்த ஆள் ஜெயிச்சுட்டான், உனக்குப் புரியுதா?"

"ஜெயிக்கட்டும். அம்மா மூச்சு விடணும்."

இரண்டு வாரத்தில் கம்பங்கள் நட்டார்கள். முனை வீட்டுக்காரர் லுங்கியோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். "நல்ல காரியம் மேடம்" என்று சிரித்தார். "போய் உங்க ஏசியப் போட்டுக்கங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை.

அதன்பின் வோல்டேஜுக்காக மெஷின் ஒருமுறைகூட நின்றதில்லை. அம்மா பொங்கல் வரை இருந்தாள். கம்பம் மறிப்பதால் கார் உள்ளே திரும்பாது. கணவர் அதை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வருகிறார். தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருகிறார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்பதாகவும் இல்லை.