தேயாகு வத்து

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி மலையைப் பார்த்து நடந்தால் இடது கைப் பக்கம் ஓட்டுக் கட்டடம் ஒன்று தெரியும். என் ஹோட்டல். நான் கட்டியது. அதன் பின்னால் கிணறு. பாறைதான் வரும், தண்ணீர் வராது என்று ஊரே சொன்ன இடம் அது. வெட்டினேன்... வந்தது. மலையடிவாரத்தில் காவடி எடுத்து வருகிறவர்கள் படுத்து எழ ஒரு கொட்டகை. அதுவும் நான் போட்டதுதான்.

உலகச் சண்டை வந்து அரிசிக்கு ரேஷன் வைத்தார்கள். என்னைவிடப் பெரிய ஹோட்டல்காரர்களே கடையைச் சாத்திக்கொண்டு போனார்கள். அந்த நாளிலும் கேழ்வரகுத் தோசை வார்த்து, ஒரு நாள்கூட அடுப்பு அணையாமல் நடத்திக் காட்டியவன் யார்?

நான்தான்.

படிப்பு? இரண்டாம் கிளாஸ். அதுவும் முழுசாக இல்லை. வாரா வாரம் இந்தப் பத்தியில் வருகிற எழுத்துப் பிழைகளை பத்திரிகை ஆசிரியர் பார்த்துத் திருத்துகிறார். அதற்கு என் நன்றி. விஷயம் மட்டும் என்னுடையது.

இத்தனையையும் எதற்குச் சொல்கிறேன்? இவ்வளவு கட்டினவன், சில மாதங்களுக்கு முன்னால், பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அதைச் சொல்லத்தான்.

கமலா என் ஒரே பெண். நகரிப் பக்கம் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஜனத்தில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு. மாப்பிள்ளை வீடு தெலுங்கு. முதல் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலை, கிணற்றடியிலிருந்து வாசலுக்கு வருகிறவள், நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு வாங்குகிறது. உதடு வெள்ளை. நகம் வெள்ளை.

அவள் அம்மாவும் இப்படித்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமலாவைப் பெற்ற கையோடு போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து கமலாவை ரயிலில் அழைத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார். அந்த அம்மாள் தெலுங்குக்காரர். கமலாவை வெளியே உட்காரவைத்துவிட்டு மாப்பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னாராம். பெண் காதில் விழுந்தால் பயப்படுவாள் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் அதில்தான் வந்தது வினை.

சாயங்காலம் திரும்பி வந்த மாப்பிள்ளை ஹோட்டல் வாசலில் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாமா, ஒடம்புல இரும்பே இல்லியாம். இப்பிடியே போனா பிரசவம் தாங்க மாட்டான்னுட்டாங்க. மருந்து குடுத்துகிறாங்க, தெனமும் சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கணும். பத்தியம் இருக்குது, அத சமையல்காரராண்ட சொல்லிட்டுப் போறேன். வண்டி வந்துகினு இருக்குது."

என்ஜின் ஊதுகிற சத்தம் கேட்கிறது. அவர் அவசரமாகச் சமையல்கட்டு வாசலில் தலையை நீட்டி, நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினார். வாய்க்குப் பழகிய பாஷை. தெலுங்கிலேயே சொல்லிவிட்டார். நான் கல்லாவுக்குத் திரும்பியாயிற்று, என் காதில் விழவில்லை.

"தேயாகு வத்து. கொத்திமீர பாக பெட்டு. நிம்மகாய பிண்டு."

எங்கள் ஊரில் இதைச் சின்னக் குழந்தைக்குச் சொன்னாலும் புரியும். தேயிலை வேண்டாம். கொத்துமல்லித் தழையை நிறையப் போடு. எலுமிச்சம்பழம் பிழி. இவ்வளவுதான்.

ஆனால் அடுப்பில் நின்றது யார்? சுடலை. திருநெல்வேலிச் சீமை. நல்ல கை, வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தெலுங்கை அவன் அதுவரைக்கும் ரயில்வே ஸ்டேஷனில்தான் கேட்டிருக்கிறான்.

சுடலை கெட்டிக்காரன். புரியாததை விடவில்லை. சப்ளை பண்ணுகிற ஆளைக் கூப்பிட்டு வரிசையாகக் கேட்டிருக்கிறான். தேயாகு என்றால்? டீத்தூள். கொத்திமீர? கொத்துமல்லி. நிம்மகாய? எலுமிச்சை. எல்லாம் கேட்டான். 'வத்து' என்பதை மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறான்? அது அவனுக்குத் தெரிந்த தமிழ் ஆயிற்றே. குழம்பை வத்த வைக்கிறோம் இல்லையா... அந்த வத்து.

அன்றைக்கு ஆரம்பித்தான். டீத்தூளை அள்ளிப் போட்டு, சட்டியில் அரைக்கால் ஆகிறவரைக்கும் வத்தக் காய்ச்சி, அதிலேயே ஒரு கட்டுக் கொத்துமல்லியைப் போட்டு வேகவைத்து, இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து... டாக்டரம்மா கஷாயம். பகல் சாப்பாடு ஆனதும் ஒரு டம்ளர். ராத்திரி சாப்பாடு ஆனதும் ஒரு டம்ளர். மருந்து குடித்த வாயோடு கமலா இதையும் குடிப்பாள். முகத்தைச் சுளிப்பாள், ஆனால் குடித்துவிடுவாள். டாக்டர் சொன்னது என்றால் யார் தட்டுவார்கள்? தேயிலை விற்கிற விலையில் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து போட்டேன் நான்.

நாள் போகிறது. மருந்து பாட்டில் காலியாகிறது. வெளுப்பு அப்படியே இருக்கிறது. எனக்குத் தூக்கம் போயிற்று. கல்லாவில் உட்கார்ந்தால் கை சில்லறையை எடுக்கும், கண் வீட்டுப் பக்கம் போகும். அந்த மலையைப் பார்த்து நான் எதையும் கேட்டவன் இல்லை. என் கையாலேயே எல்லாம் ஆகும் என்று இருந்தவன். அந்த நாளில் கேட்டேன்.

என் சம்பந்தியம்மா மருமகளைப் பார்க்க வந்த அன்று வெள்ளிக்கிழமை. அவர் ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் குரல் வரும், பிறகுதான் ஆள் வருவார். அன்றைக்குக் கமலாவைப் பார்த்ததும் அந்தக் குரலே அடங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சுடலை டம்ளரோடு வந்தான். கமலா மருந்தைத் தனியாகக் குடிக்க முடியாமல் அந்த டம்ளரிலேயே ஊற்றினாள். ஊற்றினதும் பார்க்கிறோம் — கருகருவென்று ஆகிவிட்டது.

சம்பந்தியம்மா டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார்.

"ஏம்பா, இது இன்னாது?"

"மாப்பிள்ள சொன்ன கசாயம்மா. தேயாகு வத்துன்னாவ. நல்லா வத்த வச்சிருக்கேன்."

"நீ வத்த வச்சியா?"

"ஆமாம்மா. அரைக்கால் ஆகுற மட்டும்."

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். "பாவகாரு, எம்புள்ள வேணாம்னு சொன்னத இவன் சுண்டக் காய்ச்சிக் குடுத்துகினு இருக்கிறான். இத்தினி நாளா. நீங்க கல்லாவுல உக்காந்துகினு என்னாத்த பார்த்தீங்க?"

சுடலை அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. புரியாத வார்த்தையைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். புரிந்துவிட்டது என்று நினைத்த வார்த்தையில் விழுந்தான். நாம் எல்லாருமே அங்கேதானே விழுகிறோம்?

மறுநாளே கமலாவோடு நானும் ரயிலேறினேன். டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு கேள்வி கேட்டார்.

"பெரியவரே, அந்தக் காலத்துல மை எப்படிக் காய்ச்சுவாங்க?"

எனக்குத் தெரியாதா? மை தெரியும், எழுத்துதான் தகராறு. "கடுக்காயும் அன்னபேதியும் போட்டு" என்றேன்.

"அன்னபேதின்னா இரும்பு உப்பு. என் மருந்துல இருக்கறதும் இரும்புதான். கடுக்காயில இருக்கற துவர்ப்பு டீயிலயும் இருக்குது. ரெண்டும் சேர்ந்தா மை. உங்க பொண்ணு வயித்துல நீங்க மை காய்ச்சிகினு இருந்தீங்க. இரும்பு ரத்தத்துல ஏறாம வெளிய போயிடுச்சு."

இன்னும் சொன்னார். நாம் சாப்பிடுகிற கேழ்வரகிலும் கீரையிலும் இரும்பு இருக்கிறதாம். ஆனால் அது தானியத்தையும் கீரையையுமே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், உடம்புக்குச் சுலபத்தில் கொடுக்காது. பச்சைக் கொத்துமல்லி, எலுமிச்சை, நெல்லிக்காய் இந்த மாதிரி ஏதாவது கூட இருந்தால் பிடி தளரும். கொதிக்கவிட்டால் தழையில் இருக்கிற அந்தச் சத்து பாதி போய்விடும். அதனால் பச்சையாக அரைக்க வேண்டும். தழை மட்டும் போதும் என்று மருந்தை நிறுத்தக் கூடாது. டீயும் காபியும் சாப்பாட்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

திரும்பி வரும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாற்பது வருஷமாக இலையில் சோறு போடுகிறவன் நான். என்ன போடுகிறோம் என்றுதான் பார்த்திருக்கிறேன். எதற்குப் பக்கத்தில் எதைப் போடுகிறோம் என்று பார்த்ததே இல்லை. பந்தியிலும் அப்படித்தானே? பக்கத்தில் உட்கார்கிறவன் சரியாக இல்லையென்றால் விருந்தே தொண்டையில் இறங்குமா?

சுடலை பச்சைக் கொத்துமல்லித் துவையல் அரைத்தான். பாவம், உப்பு எவ்வளவு என்பதற்கே மூன்று பேரைக் கேட்டான். துவையல் வந்தது. கேழ்வரகு அடை வந்தது. அங்கே வந்தது அடுத்த முட்டுக்கட்டை: கமலாவுக்கு அந்த வாசனையே ஆகவில்லை. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் குமட்டுகிறது.

"நைனா, என்னால முடியல. எடுத்துகினு போகச் சொல்லு."

சம்பந்தியம்மா கெஞ்சிப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். நடக்கவில்லை. அவரும் எத்தனை நாள் இங்கேயே இருப்பார்? ஊருக்குப் போனார்.

நான் ஹோட்டல்காரன். ஊர் சாப்பிட்ட பிறகு, கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறவன். கமலாவோடு உட்கார்ந்து நான் சாப்பிட்டதே கிடையாது. அவளை வளர்த்தது என் அக்கா. சோறு ஊட்டினதும் அவள்தான். மறுநாள் பகல், கூட்டம் நெரிகிற நேரம், கல்லாவைச் சப்ளை ஆளிடம் விட்டுவிட்டு வீட்டுக்குள் போனேன். அவளுக்கு எதிரே ஓர் இலையை விரித்து உட்கார்ந்தேன்.

"இன்னா நைனா?"

"பசிக்குது."

துவையலை அடையில் தடவி ஒரு வாய் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பச்சைக் கொத்துமல்லி ஆகாது. முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலிருக்கிறது, கமலா சிரித்தாள். எத்தனை நாள் கழித்து ஒரு சிரிப்பு.

"ஒனுக்கும் புடிக்கலியா?"

"யாரு சொன்னாங்க? நீ ஒரு வாய், நான் ஒரு வாய். யாரு ஜெயிக்கிறாங்கன்னு பார்க்கலாம்."

அவள் ஒரு வாய் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். வயிற்றில் நின்றது. இன்னொரு வாய்.

அன்றிலிருந்து தினமும் பகல் சாப்பாடு அவளோடுதான். பேசினோம். அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். இதுவரைக்கும் கேட்டதே இல்லை. சொன்னேன். கல்லாவில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை.

மெல்ல மெல்ல உதட்டில் நிறம் வந்தது. கிணற்றடியிலிருந்து சுவரைப் பிடிக்காமல் வந்தாள். அடுத்த தடவை டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தபோது "பரவாலேது" என்றார். பரவாயில்லை என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இந்தத் தெலுங்கைச் சுடலைகூடத் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

போன வாரம் தொட்டில் போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் கதை கேட்டார்கள். மாப்பிள்ளை டாக்டரம்மாவைச் சொன்னார். சம்பந்தியம்மா டம்ளரை மோந்து பார்த்ததை நடித்தே காட்டினார். என் அக்கா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். துவையல் அரைத்த கை தன் கை என்று சுடலை கடைசிப் பந்தி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் நிஜம். டாக்டரம்மாவுக்கு என் கும்பிடு. சம்பந்தியம்மாவின் மூக்குக்கு என் கும்பிடு. மலைமேல் இருக்கிறவனுக்குப் படியேறிப் போய்ச் சொல்லிவிட்டேன். சுடலைக்குப் புது வேட்டி.

ஆனால் ஒன்று. இனிமேல் இந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும், அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து பச்சைக் கொத்துமல்லி தின்றவன் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.