கஞ்சி போட்ட ஓவரால்

எண்பத்தேழு செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை காலை. பாரிஸின் ருவாசி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலாக இரண்டு கிலோ மிளகாய்த்தூள். சென்னையில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், பாரிஸிலிருக்கும் தம்பிக்குக் கொடுத்தனுப்பியது. மலிவான டிக்கெட் வாங்கியதால் நான் முதலில் அமெரிக்கா போய், ஆறு வாரம் கழித்துப் பாரிஸ் வழியாகத் திரும்பும்படி ஆயிற்று. ஆகவே அந்தத் தூளும் அயோவா மாநிலத்துச் சோளக்காடுகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தது. அதிகாரி முகர்ந்தார், தும்மினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடச் சொன்னார். இருபது வருடமாக எழுதுகிறேன், என் சரக்கு ஒருவர் கண்ணில் நீர் வரவழைத்தது அன்றுதான்.

விமான நிலையத்திலிருந்து நகரம் இருபத்தைந்து கிலோமீட்டர். பஸ், பிறகு ரயில். வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கினால் தமிழர் கடைகள் இருக்கும் லா சப்பல் பகுதி பொடிநடை தூரம். தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் இரண்டாம் எண் மெட்ரோ கடகடக்கிறது. கீழே ஒரு பலசரக்குக் கடையின் கண்ணாடியில் ‘முருங்கைக்காய் வந்துள்ளது’ என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. அமெரிக்காவில் ஆறு வாரம் எவனும் என்னிடம் இவ்வளவு முக்கியமான செய்தி எதையும் சொல்லவில்லை.

மாடிக்காரரின் தம்பி சூசைதாசன் லூயி-பிளாங் தெருவில் ஐந்தாம் மாடியில் இருந்தார். லிஃப்ட் கிடையாது. என் தொப்பையை ஐந்து மாடியும் நானே சுமந்து ஏறினேன்.

“வாங்கோ அண்ணை. என்ன, மூச்சு வாங்குது?”

“அஞ்சு மாடிங்க.”

“ஆறாம் மாடியிலை இருக்கிறவை எங்களைப் பணக்காரர் எண்டு சொல்லுகினம்.”

ஒரே அறை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட எழுத்தராக இருந்த சூசைதாசன், இங்கே அலுவலகக் கட்டடங்களைக் கழுவித் துடைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். மனைவி ரெஜினாவும் எட்டு வயது மகள் டிலானியும் வந்து சேர்ந்து இரண்டு மாதம்தான். ரெஜினா இரவல் தையல் மெஷினில் கெட்டியான நீலத்துணி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மார்பு மறைக்கும் பட்டை, தோளில் இரண்டு வார், கீழே முழுக்கால்சட்டை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாட்சாத் ஓவரால்!

“நாளைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் துடங்குது. யூனிபோம் தைக்கிறா” என்றார் சூசைதாசன்.

“இதுவா யூனிஃபார்ம்?”

“ஓம். ஜூன் மாதம் போய் வாசலிலை நிண்டு பாத்தனான். வெளியிலை வந்த பிள்ளையளிலை கனபேர் உந்த நீலச் சலொப்பெத்துதான்.”

பிரெஞ்சில் ஓவராலுக்கு அதுதான் பெயர். கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்ததும் அதேதான், இரண்டு. அதில் ஒன்றைத்தான் ரெஜினா வெட்டியிருந்தார்.

“பள்ளிக்கூடத்துல யாரையாவது கேட்டீங்களா?”

“கேக்கிறதுக்கு என்ன கிடக்கு அண்ணை? யூனிபோம் இல்லாத பள்ளிக்கூடம் எங்கையேனும் இருக்கோ?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரெஜினா ஊரில் கன்னியர்மடப் பள்ளிக்கு வெள்ளைச் சீருடை தைத்தவர். முதுகில் கம்பெனி பெயர் அச்சடித்திருந்த இடத்தைத் தவிர்த்து வெட்டி, தைத்து, சோற்றுக் கஞ்சி போட்டு உலர்த்தி, காலில் கத்தி போல் மடிப்பு வரும்படி இஸ்திரி போட்டார். ஓவரால் என்ற உடை பிறந்த நாளிலிருந்து அதற்கு இப்படி ஒரு மரியாதை நடந்திருக்காது.

மதியச் சாப்பாட்டின்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அயோவாவில் ஒரு சிற்றூர்க் காட்சிசாலையில் வாங்கிய படஅட்டையை எடுத்தேன். ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், அதன் முன்னால் வரிசையாகக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். பையன்கள் எல்லோரும் ஓவரால், பாதிப் பேருக்குச் செருப்பில்லை. காட்சிசாலையைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் அப்படிப் படித்தவர்தான். பள்ளி திறக்கும்போது ஒரு சைஸ் பெரிதாக வாங்குவார்களாம். காலைச் சுருட்டிவிட்டு, பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடுவார்கள். அண்ணனுக்குப் போதாமல் போனால் தம்பிக்கு. முழங்கால் கிழிந்தால் இன்னொரு கிழிசலிலிருந்து ஒட்டு. அப்பன் வயலில் போடுவதும் மகன் பள்ளிக்குப் போடுவதும் ஒரே துணி, அதில் யாருக்கும் வெட்கமில்லை. பிறகு கிராமப் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு பஸ்ஸில் ஏற்றினார்கள். பெல்ட் கட்டிய டவுன் பையன்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து கிழவர் மார்புப் பட்டையை உள்ளே மடித்துச் செருகி, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டு, சாதாரணக் கால்சட்டை மாதிரி நடித்தாராம். வேர்த்துக் கொட்டுமாம். இப்போது அதே டவுன் பையன்களின் பேரப்பிள்ளைகள் நாகரிகம் என்று அதைக் கடையில் தேடி வாங்குகிறார்கள்.

“அப்ப அமெரிக்காவிலையும் இதுதான் யூனிபோம்” என்றார் சூசைதாசன்.

“ஏழ்மைக்கு யூனிஃபார்ம்” என்றேன். பத்திரிகையில் போட்டால் சிரிப்பார்கள். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. ரெஜினா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

திங்கள் காலை எட்டேகால். சூசைதாசன் விடியுமுன்பே வேலைக்குப் போய்விட்டதால் ரெஜினாவோடும் டிலானியோடும் நான் பள்ளிக்குப் போனேன். வாசலில் கவுன், ஜீன்ஸ், பூப்போட்ட சட்டை, கோடு போட்ட சட்டை. ஓவரால் நாலைந்துதான். ஜூன் மாதம் சூசைதாசன் பார்த்தது அந்த வருஷத்து நாகரிகம்.

“ஐயோ, ஒண்டும் ஒரு மாதிரி இல்லையே” என்றார் ரெஜினா.

அதற்குள் ஆசிரியை வந்தார். கஞ்சி போட்ட மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு ஆசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் “மிஞோன், மிஞோன்” என்றார்கள். ‘அழகு’ என்றது என் கையகராதி. வெள்ளை ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னல் நிமிர்ந்தபடி உள்ளே போயிற்று.

மாலை நாலரை. ரெஜினாவுக்கு நாலு மணிக்கு உணவகச் சமையற்கட்டில் வேலை. ஆகவே மகளை அழைக்க சூசைதாசன் நேராக வேலையிலிருந்து வந்தார், மிஞ்சியிருந்த ஓவராலோடு. நானும் பக்கத்தில் நின்றேன். வாசல் காக்கும் அம்மாள் அவரைப் பார்த்ததும் “ஆ, வந்துவிட்டாயா” என்கிற பாவனையில் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மகளைக் கொண்டுவந்து விடத்தான் என்று நினைத்தேன். மகள் தானாக வெளியே வந்தாள்.

“மாமா, அப்பா எங்கை?”

உள்ளே கை காட்டினேன். திறந்திருந்த கழிப்பறைக் கதவு வழியாகத் தெரிந்தது. சூசைதாசன் கை கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். டிலானியோடு வெளியே வந்த பிள்ளைகளும் பார்த்தார்கள். டிலானி தன் நீலத்தையும் உள்ளே கிடந்த நீலத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

சட்டைக்கை நனைந்து சூசைதாசன் வந்தார். “குழாய் ஒழுகுதாம். நான் ஆரெண்டு சொல்லி முடிக்கிற அளவுக்கு எனக்கு பிரெஞ்சு வராது அண்ணை. திருகிவிடுறது லேசு.”

பாலத்துக்கு அடியில் நடக்கும்போது டிலானி சொன்னாள்: “அப்பா, நாளைக்கு அம்மா வரட்டும்.”

“அம்மாவுக்கு வேலை எல்லோ பிள்ளை?”

“அப்ப நான் தனிய வாறன்.”

“தனிய விடமாட்டினம். ஏன், அப்பா வந்தால் என்ன?”

மேலே மெட்ரோ போயிற்று. டிலானி இரண்டடி முன்னால் நடந்தாள்.

வீட்டில் அவள் என் படஅட்டையை வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தப் பிள்ளையளின்ரை அப்பாமார் பள்ளிக்கூடத்துக்கு வாறேல்லையோ?”

“இல்லம்மா. வயல்ல வேலையா இருந்திருப்பாங்க.”

“நல்லம்” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். சூசைதாசன் அடுப்பைப் பார்த்தபடி நின்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

செவ்வாய் மாலை. எட்டரை மணிக்கு எனக்கு விமானம். பெட்டியோடு பள்ளி வாசலுக்குப் போனேன், பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு புறப்படலாமென்று. சூசைதாசன் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, வீட்டுக்குப் போய் உடை மாற்றி வந்திருந்தார். கல்யாணக் கோட். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் வெளியே வருவது. பித்தான் போடமுடியவில்லை என்றாலும் பளபளப்பு இருந்தது.

அதே அம்மாள்தான் வாசலில். “போன்ஜூர் மிசியே” என்று தலையைச் சாய்த்தார். முதல் நாள் தொட்டிக்கு அடியில் கிடந்த முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. டிலானி கஞ்சி மடிப்பு கலையாத ஓவராலோடு ஓடிவந்து கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாள் உள்ளே கைகாட்டி ஏதோ நீளமாகக் குறைப்பட்டார். சூசைதாசன் “உய், உய்” என்று ஆமாம் போட்டுத் தலையாட்டி, கடைசியில் நாலு வார்த்தை பதிலும் சொன்னார்.

தெருவில் மகள் முன்னால் குதித்துப் போனாள். என்ன சொன்னாள் அந்த அம்மா என்று கேட்டேன். சூசைதாசன் குரலைத் தாழ்த்தினார்.

“குழாய் திருப்பியும் ஒழுகுதாம். நேற்று வந்த வேலையாள் சரியில்லையாம். இப்பிடியானவங்களை ஆர் அனுப்பிறதெண்டு கேட்டவ.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஓம் மேடம், அவன் சரியான மோசம் எண்டு சொன்னன்.”

சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், சிரிப்பது என் தொழில்.

சென்னையில் என் மகன் படிக்கும் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே கட்டம் போட்ட சட்டை, ஒரே டை. ஏழை பணக்காரன் தெரியக் கூடாதாம். தகப்பன்களுக்கு மட்டும் சீருடை வைக்க மறந்துவிட்டார்கள். நாலு மணிக்கு வாசலில் கார்கள், ஸ்கூட்டர்கள், என் சைக்கிள். என்னைத் தெருமுனை வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லியிருக்கிறான். வெயில் படாமல் நிற்கட்டும் என்ற கரிசனம் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடக்கு ரயில் நிலையத்தில் ரயில் நின்றிருந்தது. சூசைதாசன் பெட்டியை ஏற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

“உடம்பெல்லாம் அவிஞ்சுபோச்சுது அண்ணை. நல்லவேளை, இஞ்சை புதன்கிழமையிலை பள்ளிக்கூடம் இல்லை. நாளைக்குக் கோட்டுக்கு லீவு.”

கதவு மூடிக்கொண்டது.