பிள்ளை என்று எழுதும் கட்டம்

கஞ்சிக் கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டு, கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டு, சாந்தோ கட்டிலருகே குனிகிறார். போர்வைக்கு வெளியே துவண்டு கிடக்கும் அண்ணனின் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார். பிலிப்பைன்ஸில் எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளைகள் தகப்பனுக்குச் செய்கிற மரியாதை அது. தகப்பன் போனபிறகு தன்னைத் தோளில் போட்டு வளர்த்தவர் என்பதால் சாந்தோ அதை அண்ணனுக்குச் செய்கிறார். தலை நரைத்துக் கலிபோர்னியாவுக்கு வந்த பிறகும் ஒரு நாள் காலைகூட விட்டதில்லை.

"சனியனே" என்கிறார் அண்ணன் புளோரோ. பக்கவாதம் வந்தபோது எல்லாச் சொல்லும் போய் இது ஒன்றுதான் மிஞ்சியது. பசிக்கும் இதுதான், நன்றிக்கும் இதுதான். ராகத்தைப் பிரித்தறிய சாந்தோ ஒருவரால்தான் முடியும். "கஞ்சியில இஞ்சி தூக்கலா இருக்காம்" என்று எனக்கு மொழிபெயர்ப்பார்.

நான் எதிர்வீட்டுக்காரன். வல்லேகோ நகரத்தின் இந்தத் தெருவில் பாதிப் பேர் எங்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள்தான், மீதிப் பேருக்கும் எங்கள் கருவாட்டு வாசனை பழகிவிட்டது. சாந்தோ சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கடல்னு ஒரு பொண்டாட்டி போதும்" என்பார். இன்றுவரை உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் போட்டு முடித்து, தட்டைக் கையில் ஏந்தி, அடுப்பு மேடையில் முழங்காலை முட்டுக்கொடுத்து நின்றபடி விழுங்குவார். தரை ஆடாத வீட்டில் எதற்கு முட்டு என்றால், "உனக்கு ஆடல, எனக்கு ஆடுதே தம்பி!"

அண்ணன் விழுந்த செய்தி கேட்டுக் கப்பலை விட்டு இறங்கி வந்தவர்தான். தூக்குவது, துடைப்பது, மாத்திரை, சமையல் எல்லாம் அவரே. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் மனுப்போட்டுவிட, அண்ணனைப் பார்த்துக்கொள்ள அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறது. முதல் சம்பளம் வந்த அன்று அவர் முகம் செத்துப்போனது. "அண்ணனுக்கு மூத்திரம் எடுக்கிறதுக்குக் கூலியா?" என்று கேட்டார். அரிசியும் மருந்தும் அதில்தான் வந்தாக வேண்டும் என்பதால் வாங்கிக்கொண்டார். ஆனால் அதைச் சம்பளம் என்று மட்டும் சொல்லமாட்டார். "மேலிருந்து வர்றது" என்பார், மழையைச் சொல்வது மாதிரி.

அந்த வீட்டில் ஒரே ஒரு குறை, குளியலறைக் கதவு. சக்கர நாற்காலி அதில் நுழையாது. புளோரோ நல்லபடியாக இருந்த காலத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவர் பாடுவது தெருமுனைவரை கேட்கும். இப்போது கட்டிலிலேயே ஈரத்துணிதான். துணியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், அப்போது மட்டும் அந்த ஒற்றைச் சொல்லும் வராது. சுவரை இடித்துக் கதவை அகலப்படுத்த ஆசாரி சொன்ன தொகை இவர்களுக்கு எட்டாத உயரம்.

வரிக்கணக்குக் கொடுக்கும் கெடு நெருங்கியதும் சாந்தோவை நான்தான் காரில் ஏற்றி மாதா கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ரெமி அக்கா காசு வாங்காமல் எல்லோருக்கும் எழுதிக்கொடுப்பார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர்.

"இந்தப் பணத்துக்கு வரி கிடையாதுப்பா. ஒரே வீட்ல கூட இருந்து பார்த்துக்கிறல்ல?"

"பின்ன எங்க இருப்பேன்?"

"ஆனா உழைச்ச காசுதான்னு காட்டிக்கலாம். காட்டினா, பிள்ளைய வச்சுக் காப்பாத்துற ஏழைபாழைக்குன்னு சலுகைப் பணம் இருக்கு. அது உனக்கு வரும்."

"எனக்கு ஏதுக்கா பிள்ளை?"

"உங்க அண்ணன்தான்!"

சாந்தோ சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்றேன். நிரந்தரமா முடியாமப் போனவங்க கூடப்பிறந்தவங்களா இருந்து, உன்கூடவே இருந்தா, வயசு எத்தனை ஆனாலும் இந்தக் கட்டத்துல பிள்ளைன்னு எழுதலாம். சட்டமே சொல்லுது. நீ புலம்புற அந்தக் கதவு போடுற அளவுக்கு வரும்டா!"

சாந்தோ எழுந்துவிட்டார். "என்னைத் தூக்கி வளர்த்தவர, நான் பெத்த பிள்ளைன்னு எழுதச் சொல்றீங்க. அந்தக் காசுல கதவு வேணாம்க்கா."

"அட, இது கணக்குக்குச் சொல்ற வார்த்தைடா! உங்க அண்ணனுக்கு மரியாதை குறைஞ்சுடுமா?"

"குறையும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் ஆயுசுக்கும் ஈரத்துணியோடு கிடப்பதா? வழியெல்லாம் திட்டினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்த பிறகும் என் வாய் அடங்கவில்லை.

"அண்ணன்கிட்டயே கேட்டுருவோம் வாங்க."

"பேசாம இரு தம்பி. காதுல விழுந்துரப்போகுது" என்று அடுப்படிக்கு நகர்ந்தவர், மீனைக் கழுவிப் புளித்தண்ணீரில் போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் பொரிந்தார். "நாலு ஊருக்குக் கூலிக்குப் போயி எனக்குச் சோறு போட்டவரு. அவரு என் பிள்ளையாம்! அந்தக் கட்டத்துல நான் எப்படிடா கையெழுத்துப் போடுவேன்?"

அந்த வீட்டில் தாழ்ந்த குரலுக்கு ஏது மறைவு. அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு திரைதான்.

"சனியனே!"

இதுவரை நான் கேட்டிராத ராகம். சாந்தோ அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார், பின்னாலேயே நானும். புளோரோவின் கண்கள் எங்களை விட்டுக் குளியலறைக் கதவுக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, தம்பியிடம் திரும்பின.

"நான் எழுதலண்ணே. சத்தியமா எழுதல" என்று சாந்தோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி குனிந்து, வழக்கம்போல அந்தத் துவண்ட வலது கையைத் தேடினார்.

புளோரோ தலையை அசைத்து மறுத்தார். உயிருள்ள இடது கையால் தம்பியின் மீன் நாறும் கையை எட்டிப் பிடித்தார். இழுத்து, தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.