சந்தனம் கரைந்த மொட்டை

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி மாதம். கணபதி என்கிற பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி சரசு, பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, தலை வெடிக்குதுங்க" என்றாள். வாந்தி எடுத்தாள். பித்தமாக இருக்கும் என்று சுக்குத் தண்ணீர் வைக்கப் போன என் அம்மா திரும்பி வருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் மொக்கு போல வீங்கி வெடித்திருக்கிறது, மண்டையைத் திறந்து கிளிப் போட வேண்டும் என்றார் டாக்டர். லேத் பட்டறையில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிற நான் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து கை கூப்பினேன். முருகா, அவளைக் காப்பாற்று, பழனிக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரசு கண் விழித்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். காப்பி கேட்டாள். இன்னும் இரண்டு வாரம் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் எச்சரித்தது என் காதில் ஏறவே இல்லை. சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப்போடக் கூடாது என்று வளர்ந்தவன் நான். அம்மாவைத் துணைக்கு விட்டுவிட்டு பழனிக்கு பஸ் ஏறினேன். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பஞ்சாமிர்தத்தோடு சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால் சரசுவுக்குப் பேச்சில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வெடித்தபோது கசிந்த ரத்தம் பட்டு மற்றக் குழாய்கள் சுருங்கிக்கொண்டன, மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் போகவில்லை என்றார் டாக்டர். தண்ணீர் பாய்கிற ஓஸ்பைப்பை யாரோ மிதித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. டிரிப்ஸ் ஏற்றி, மருந்து கொடுத்து, குழாய் தானாக விரிகிறவரை காத்திருக்க வேண்டும். பிழைத்தாலும் பழைய புத்தி இருக்குமா என்று அவருக்கே தெரியவில்லை.

எனக்கு முருகன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. முடியை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டாயே என்று ஆஸ்பத்திரிக் குழாயடியில் தலையைக் கொடுத்து அழுதேன். பூசியிருந்த சந்தனமெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. சந்தனம் இல்லாத மொட்டைக்கு நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான், வீட்டில் சாவு. பவானியிலிருந்து தங்கையைப் பார்க்க ஓடி வந்த மச்சான், தூரத்தில் என் தலையைப் பார்த்ததுமே வராண்டாவில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டார். இல்லைங்க மச்சான், இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இருக்கிறாளா என்று எனக்கே நிச்சயமில்லை.

அன்றிலிருந்து தினமும் அவள் பக்கத்தில் நின்றேன். கூப்பிட்டால் கண் திறப்பாள். கண்ணில் நான் இல்லை. வேண்டிக்கொள்ளவும் என்னிடம் எதுவும் மிச்சமில்லை. வைத்தியம் போதும், வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். நானும் மனசுக்குள் ஒப்புக்கொண்டேன். அம்மா மட்டும் திருநீற்றுப் பொட்டலத்தை விடவில்லை. "முடிய வாங்கிப்போட்டு அவன் சும்மா இருக்க மாட்டான் கண்ணு. நீ கேட்டுட்டே இரு" என்றார்.

கேட்டேன். கொடுக்க ஒன்றும் இல்லாமல், பேரம் பேசாமல், வெறும் கையோடு முருகா முருகா என்று கேட்டேன். நம்பிக்கையில் கேட்டேன் என்று சொன்னால் அது பொய். வேறு போக்கிடம் இல்லாததால் கேட்டேன்.

ஒரு காலையில் முகம் துடைத்துவிடக் குனிந்தேன். சரசுவின் பார்வை என் தலையில் நின்றது. அசையவே இல்லை. உதடு கோணிக்கொண்டு வந்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. குழறிக் குழறி, "ஏனுங்க... அத்தை போய்ட்டாங்களா?" என்றாள்.

 வீட்டில் நான் கடைசிப் பையன். தாய்க்குக் கொள்ளி வைத்து மொட்டை போட வேண்டியவன். அதை நினைத்துப் பார்த்து, கணக்குப் போட்டு, மாமியாருக்காக அழுகிறாள். எந்தப் புத்தி திரும்புமா என்று டாக்டர் சந்தேகப்பட்டாரோ அந்தப் புத்தி முழுசாக வந்து என் முன்னால் அழுதுகொண்டிருந்தது. வெளியே ஓடி அம்மாவை இழுத்து வந்தேன். "நா கல்லாட்டம் இருக்கறனே அம்மணி" என்று அம்மா அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் கைக்கும் மருந்துக்கும் நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். அவற்றைப் பலிக்க வைத்தவன் முருகன்.

சரசுவின் வலது கை இன்றுவரை சரியாக மூடாது. பேச்சும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் இருக்கிறாள். கேட்டதும் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கோபத்தோடாவது கேட்டுக்கொண்டே இருங்கள். கை ஓய்ந்தவன் கேட்டாலும் முருகன் காதில் விழும்.

வருஷம் தவறாமல் பழனியில் முடி கொடுக்கிறேன். சந்தனத்தை வேறு யாரும் தொடச் சரசு விடமாட்டாள். இடது கையால் அள்ளி அள்ளித் தடிமனாக அப்புவாள். போதும் அம்மணி என்றால் கேட்கமாட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் இருக்கட்டுங்க. யாரும் தப்பா நெனச்சறக் கூடாது."