கடலுக்குப் போன பெனால்டி

பதினாலு வருஷம் கோவாவிலும் கொல்கத்தாவிலும் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினேன். என் மனைவி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. நான் டிவியில் வந்த ஒரே நாளில் எங்கள் கடற்கரை ஊரில் கரண்ட் போய்விட்டது. முட்டி தேய்ந்து ஊர் திரும்பி, துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளின் காகிதம் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தேன்.

போன வருஷம் கடற்கரை மணலில் நடந்த கோயில் திருவிழாப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், எங்கள் தெரு அணிக்கு ஆள் குறைந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். என் மனைவி முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் பார்க்க ஒரே ஒரு கோல் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. "அண்ணாச்சிதான் அடிக்கணும்" என்றார்கள். நான் லெஃப்ட் பேக், கோல் விழாமல் தடுக்கிற ஆள். அந்தப் பதினாலு வருஷத்தில் யாரும் என்னைப் பெனால்டி அடிக்க விட்டதில்லை. அதை அங்கே சொல்லவா முடியும்? ஓங்கி அடித்தேன். பந்து கம்பத்துக்கு மேலே போய், கரைக்காற்றில் ஏறிக் கடலில் விழுந்தது.

நடுவர் விசில் ஊதினார். நான் அடிக்கும் முன்பே கோல்கீப்பர் கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டானாம். அடித்தது செல்லாது, மறுபடி அடிக்க வேண்டும். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பந்து இல்லை. வேறு பந்து இருந்தது. எங்கள் கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தது கடலில் விழுந்ததைத்தான். அதில்தான் ஆடி முடிக்க வேண்டும் என்று ஊரே நின்றது.

திருவிழா அன்று எங்கள் ஊரில் யாரும் மீன்பிடிக்கப் போகக் கூடாது. பந்து எடுக்கப் போவது அதில் சேராது என்று சாமியாரே மைக்கில் சொன்னார். ஒரு படகு போனது. பத்து நிமிஷத்தில் அதிலிருந்து போன் வந்தது. பந்தைச் சுற்றிச் சாளை மீன் குவிந்து கிடக்கிறதாம்.

அதன் பிறகு ஊருக்கே அந்தப் பந்தின் மேல் அக்கறை வந்துவிட்டது. ஏழு படகு கிளம்பியது, ஏழிலும் வலை. கோல்கீப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஏறினான்.

"ஏலே, பந்து எடுக்க வலை எதுக்கு?" என்றேன்.

"பந்து வழுக்கும்லா, அண்ணாச்சி."

இடத்தை விட்டு நகர்ந்தால் பெனால்டி போய்விடும் என்று பயந்து அங்கேயே நின்றேன். ரெண்டு மணி நேரம். படகுகள் திரும்பின. பந்தும் வந்தது, மேலெல்லாம் செதில். நடுவர் உட்பட அத்தனை பேரும் மீன் பங்கு பிரிக்கப் போய்விட்டார்கள். கோலில் ஆளில்லை. பந்தைத் துடைத்து என் முன்னால் வைத்துக்கொண்டேன்.

அப்போது கையில் மீன் பையோடு அவள் வந்து ரெண்டு கம்பத்துக்கும் நடுவில் நின்றாள்.

"அடிங்க. மீன் கெட்டுப்போவும்."

ஓடி வந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. பந்து மணலில் தள்ளாடி உருண்டது. அவள் முன்னால் நடந்து வந்து செருப்புக் காலால் அதை நிறுத்தினாள்.

"இதுக்கா பதினாலு வருசம் ஊரு ஊராப் போனிய?"

அவள் திரும்பிக் கோல் கோட்டைப் பார்த்தாள். மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, பந்தை என் பக்கம் தள்ளினாள்.

"நான் முன்னால வந்துட்டேன். அது செல்லாது. மறுபடி அடிங்க."