முதல் சீட்டு

ஐரிஸ் ரீச்சரைப் பற்றி நல்லதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு அதற்கு இடம் கிடைக்காது.

நல்லூருக்குப் பக்கத்தில், மிஷன்காரர் அந்தக் காலத்தில் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்துநான்கு வருடமாக அவள் வணிகக் கல்வி படிப்பிக்கிறாள். பத்தாம் ஆண்டும் பதினோராம் ஆண்டும். சாதாரண தரப் பரீட்சையில் அவளுடைய பாடத்தில் இதுவரை ஒரு பிள்ளையும் தவறவில்லை. அவள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிய கொப்பிகள் ஊரிலுள்ள ரியூசன் சென்ரர்களில் போட்டோக்கொப்பியாக ஓடுகின்றன, அதுவும் அவளுடைய பெயரைப் போடாமல். வங்கி என்றால் என்ன, காசோலை எத்தனை வகை, கூட்டுவட்டி எப்படிக் கணிப்பது, எல்லாவற்றுக்கும் அவளிடம் வரைவிலக்கணம் உண்டு. முற்றுப்புள்ளியைக்கூட வாயால் சொல்லுவாள். அவளுடைய வகுப்பில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது.

ஆசிரியர் அறையில் சீட்டுப் பிடிப்பவளும் அவள்தான். பதினெட்டுப் பேர், ஆளுக்கு மாதம் பத்தாயிரம். சேருகிற முழுக் காசையும் மாதம் ஒருவராக எடுப்பார்கள். வழக்கப்படி முதல் சீட்டு பிடிக்கிறவளுக்கு. அதற்குப் பதிலாக, யாராவது கட்டாமல் விட்டால் பிடிக்கிறவள்தான் கைக்காசைப் போட்டு நிரப்ப வேண்டும். ஐரிஸ் இன்றுவரை ஒரு சதம் கைக்காசு போட்டதில்லை. அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது: வெளிநாட்டு அலுவல் பார்க்கிறவருக்கு ஆரம்பச் சீட்டுக் கிடையாது. பிளேன் ஏறிப் போனவரிடம் போய் ஆர் காசு கேட்பது? யார் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கிறார், யாருடைய மகன் இங்கிலீஸ் சோதனைக்குப் படிக்கிறான் என்பதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரருக்கு முன்னரே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நல்லது இவ்வளவுதான். இனி உதயகலாவுக்கு வருவோம்.

உதயகலா போன வருடம் நியமனம் பெற்று வந்தவள். முப்பத்திரண்டு வயது, சாவகச்சேரிக்காரி. கொழும்பில் ஒரு வங்கியில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டுப் படிப்பிக்க ஆசைப்பட்டு வந்தாளாம். வந்த கிழமையே ஐரிஸ் பெரிய மனதோடு தன்னுடைய நோட்ஸ் கொப்பியை அவளிடம் கொடுத்தாள். “நன்றி அக்கா” என்று உதயகலா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தக் கொப்பி அதற்குப் பிறகு வகுப்புப் பக்கம் போனதாக ஐரிஸ் காணவில்லை.

உதயகலா வகுப்புக்குக் கொண்டுபோனவை வேறு சாமான்கள். வங்கியில் கணக்குத் திறக்கிற படிவம், நகையை அடைவு வைத்துக் காசெடுத்த துண்டு, மின்சார பில். பொருளாதார நெருக்கடிக்கு முன்னர் ஒரு றாத்தல் பாண் என்ன விலை, இப்போது என்ன விலை என்று பேக்கரியில் கேட்டுவரச் சொல்லி, அதிலிருந்து பணவீக்கத்தைத் தொடங்குவாள். வியாழக்கிழமைகளில் கடைசிப் பாடவேளை ‘காசுக் கழகம்’. பிள்ளைகள் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு லட்சம் பொய்க்காசு வைத்துக்கொண்டு, நிலையான வைப்பில் போடுவதா, பங்கு வாங்குவதா, பவுண் வாங்குவதா என்று சண்டை பிடிப்பார்கள். கிழமைக்குக் கிழமை பத்திரிகையில் விலை பார்த்து லாபநட்டம் எழுதுவார்கள். ஒரு குழு நட்டப்பட்டால் உதயகலா அவர்களுக்குக் கைதட்டச் சொல்லுவாள். பொய்க்காசில் நட்டப்பட்டுப் பழகினால் மெய்க்காசில் கவனம் வரும் என்பது அவளுடைய கட்சி.

இரண்டு வகுப்புக்கும் நடுவில் அரைச்சுவர்தான். அங்கே எழும்புகிற சிரிப்பு இங்கே ஐரிஸ் சொல்லிக்கொண்டிருக்கும் வரைவிலக்கணத்தின் நடுவில் வந்து விழும். அவளுடைய பிள்ளைகள் பேனையை இங்கே வைத்துக்கொண்டு காதை அங்கே கொடுப்பார்கள்.

ஐரிஸுக்கு வயிறு எரிந்தது. இதை வேறு சொல்லால் பூசி மெழுகத் தேவையில்லை. உதயகலா சிரித்தாலும் எரிந்தது, சும்மா இருந்தாலும் எரிந்தது. ஒருநாள் நல்ல மழை. உதயகலா நனைந்தபடி ஸ்கூட்டியில் வந்து இறங்க, நாலு பிள்ளைகள் குடையோடு ஓடினார்கள். இத்தனை வருடத்தில் தனக்கு ஒரு பிள்ளை குடை கொண்டு ஓடி வந்ததுண்டா என்று ஐரிஸ் யன்னலடியில் நின்று வெந்துபோனாள். தான் ஒருநாளும் குடை இல்லாமல் வெளிக்கிட்டதில்லை என்பது அந்த நேரம் அவளுடைய நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் இருந்தது ஓய்வுபெற்ற தபாலதிபர் லெனாட், அவளுடைய கணவர்.

“உவ படிப்பிக்கேல்லை, கூத்துக் காட்டுறா” என்றாள் ஐரிஸ், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு.

“பிள்ளையள் விரும்பினால் காட்டட்டுமேன். உமக்கென்ன?”

“எனக்கென்னவோ? சோதினையிலை உந்தக் கூத்தையோ கேக்கப்போறாங்கள்?”

“ஐரிஸ், உமக்கு எரிச்சல்” என்றுவிட்டு லெனாட் பேப்பரைத் திருப்பினார். அன்றைக்கு அவருடைய தேத்தண்ணிக்குச் சீனி விழவில்லை.

எரிச்சலோடு நின்றிருந்தால் கதை இல்லை. ஆவணி விடுமுறைக்கு முன்னர் அதிபர் இருவரையும் கூப்பிட்டார். வணிகக் கல்வி எடுக்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். அடுத்த வருடம் ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியை. மற்றவருக்கு எட்டாம் ஆண்டுச் சுகாதாரமும் நூலகப் பொறுப்பும். யாருக்கு எது என்று வருட முடிவில் சொல்லுவாராம். உதயகலா “சரி சேர்” என்றாள். ஐரிஸுக்கோ இருபத்துநான்கு வருடப் படிப்பிப்பு. இனிப் பல் துலக்குவதைப் பற்றியும் டெங்கு நுளம்பு முட்டையிடுவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டு, மிச்ச நேரத்தில் புத்தகத்துக்குத் தூசு தட்ட வேண்டுமா? அந்த வகுப்பை விட்டால் தனக்கு வேறொன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். உதயகலாவை எப்படி விழுத்தலாம் என்று அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டெம்பரில் ஓர் இடைவேளை. ஐரிஸ் தன்னுடைய வகுப்பில் தனியே இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது வாசலில் அனுஜா நின்றாள். கொக்குவிலிலிருந்து வருகிற பிள்ளை, பத்தாம் ஆண்டு. உதயகலாவின் வகுப்பு.

“ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ?”

உதயகலாவின் பிள்ளை தன்னிடம் வந்து நிற்கிறது. ஐரிஸுக்கு உள்ளே குளிர்ந்தது. “வாரும், வாரும்” என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

“காசுக் கழகத்திலை பொய்க்காசுதானே ரீச்சர். அதாலை நாங்கள் பதினைஞ்சு பேர் மெய்க்காசிலை ஒரு சீட்டுத் தொடங்கியிருக்கிறம். மாசம் ஆயிரம். நான்தான் பிடிக்கிறன்.”

“உங்கடை ரீச்சருக்குத் தெரியுமோ?”

“இல்லை. வேண்டாமெண்டு சொல்லிப்போடுவா எண்டு சொல்லேல்லை.” அனுஜா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “முதல் சீட்டு எனக்குத்தானே வரவேணும். எங்கடை வகுப்பு ஜெரிசன் தனக்கு அவசரமாம், தனக்குத் தரட்டாம். பிறகு ஒழுங்காக் கட்டுவானாம். குடுக்கலாமோ ரீச்சர்?”

ஜெரிசன் ஐரிஸின் சபைப் பிள்ளை. அவனுடைய தாய் அவளோடு பாடகர் குழுவில் பாடுகிறவள். மூன்று கிழமைக்கு முன்னர் ஆராதனை முடிந்தபின் தாய் அவளை ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காதுக்குள் சொன்னாள், கனடா விசா வந்துவிட்டது, அக்டோபரில் பயணம். “ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ அக்கா. கண்ணூறு பட்டிடும்.” கண்ணூறு பார்ப்பது கிறிஸ்தவ வேதக்காரருக்கு ஆகாதுதான். ஆனால் பயண விசயத்தில் மட்டும் யாழ்ப்பாணத்தில் சைவம் வேதம் என்ற வித்தியாசம் இல்லை. பிளேன் எழும்பும்வரைக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லமாட்டார்கள்.

ஐரிஸின் சட்டம் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் போதும். தாயின் ரகசியத்தைச் சொல்லத் தேவையில்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை. ஐரிஸ் ரீச்சர் வேண்டாமென்றால் அந்தப் பிள்ளை கொடுத்திருக்காது. அந்த நேரம் பார்த்து அரைச்சுவருக்கு அங்காலே சிரிப்பு எழும்பியது. இடைவேளையிலும் உதயகலாவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இந்தச் சீட்டு உடைந்தால் காசுக் கழகமும் உடையும் என்று ஐரிஸ் நினைத்தாள். கழகம் உடைந்தால் வகுப்பு யாருக்கென்று கேள்வியே இல்லை.

“அவசரமெண்டால் குடுமன். நீர் பிறகு ஆறுதலா எடுக்கலாம்தானே” என்றாள்.

“தாங்ஸ் ரீச்சர்” என்று அனுஜா துள்ளிக்கொண்டு போனாள். ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கைத்தான் தான் காப்பாற்றினேன் என்று ஐரிஸ் தனக்குத்தானே சொன்னாள். மணி அடிக்கும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனையால் ஒரு சரியான விடைக்குப் பிழை போட்டுவிட்டு, பிறகு அதை வெட்டித் திருத்தினாள்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை ஜெரிசனின் இடம் வெறுமையாக இருந்தது. புதன்கிழமை அவன் கனடாவில் என்று தெரியவந்தது. ‘அங்கையிருந்து அனுப்புறன்’ என்று ஒரு செய்தி போட்டான், பிறகு அந்த நம்பரும் வேலை செய்யவில்லை. இன்னும் பதினாலு மாதம் அவனுடைய ஆயிரம் குறையும், பிடிக்கிறவள்தான் நிரப்ப வேண்டும். அனுஜா தன்னுடைய உண்டியலை உடைத்து முதல் ஆயிரத்தைப் போட்டாள். அடுத்த மாதத்துக்கு வழியில்லாமல் தாயின் கைப்பைக்குள் கையை விட்டு அகப்பட்டுக்கொண்டாள். தாய் அவளைக் கையில் பிடித்தபடி நேரே அதிபரின் அறைக்கு வந்தார்.

உதயகலாவையும் கூப்பிட்டார்கள். மூத்த வணிக ஆசிரியை என்று ஐரிஸையும் கூப்பிட்டார்கள்.

“ஆரைக் கேட்டுப் பிள்ளை இதைச் செய்தனீர்?” என்று அதிபர் கேட்டார்.

ஐரிஸ் அதிபரின் மேசையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். அதில் என்ன திகதி இருந்தது என்று இப்போது கேட்டாலும் அவளால் சொல்ல முடியும்.

“ஒருத்தரையும் கேக்கேல்லை சேர்” என்றாள் அனுஜா.

உதயகலா எழும்பினாள். “பிழை என்ரை, சேர். காசைப் பற்றிப் படிப்பிச்ச நான், பிள்ளையளின்ரை கையிலை மெய்க்காசு ஓடுதோ எண்டு பாக்கேல்லை.” சாட்டுச் சொல்லவில்லை, அழவுமில்லை. அதிபர் காசுக் கழகத்தை நிற்பாட்டச் சொன்னார். அடுத்த வருடம் வகுப்பு ஐரிஸ் ரீச்சருக்கு என்றும் அப்போதே சொல்லிவிட்டார். ஐரிஸுக்கு இனித்தது. கொஞ்ச நேரம்தான் என்றாலும் உண்மையாகவே இனித்தது.

வெளியே வந்தபோது தாய் முன்னால் போய்விட்டார். அனுஜா தூணடியில் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னைக் கேட்டதெண்டு ஏன் பிள்ளை சொல்லேல்லை?” ஐரிஸின் குரல் மெதுவாக வந்தது.

“அவன் போகப்போறானெண்டு உங்களுக்கும் தெரியாதுதானே ரீச்சர். பிறகேன் உங்களையும் இழுக்கவேணும்?”

தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவளால் முடியவில்லை.

“தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சுகொண்டோ?”

“ஓம். தாய் சொன்னவ.”

“அப்ப ஏன் ரீச்சர் குடுக்கச் சொன்னனீங்கள்?”

“நீங்கள் எல்லாரும் உவவைச் சுத்தியே நிண்டியள். எனக்குப் பொறுக்கேல்லை.”

அனுஜா நிமிர்ந்து பார்த்தாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதை விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நாங்கள் சுத்தி நிண்டது அவவைத்தான். ஆனால் கேக்க வந்தது உங்களட்டை” என்றுவிட்டுத் தாயின் பின்னால் போனாள்.

ஐரிஸ் திரும்பி அதிபரின் அறைக்குள் போனாள். உதயகலா இன்னும் அங்கே இருந்தாள். இருக்கச் சொன்னபோதும் ஐரிஸ் இருக்காமல், நின்றபடியே முழுவதையும் சொன்னாள். கனடா விசா, அனுஜா கேட்டது, தான் சொன்ன மறுமொழி, சொன்னதன் காரணம். அதிபர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உதயகலா கத்துவாள் என்று ஐரிஸ் காத்திருந்தாள். கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“சரி அக்கா” என்றாள் உதயகலா. “உந்தப் பதினாலாயிரத்தை நாங்கள் ரெண்டுபேரும் பாதி பாதி போடுவம். பிள்ளை போட்ட ஆயிரத்தையும் திருப்பிக் குடுப்பம், இனிக் கட்டவேண்டாம்.”

மன்னிப்பதிலும் அவள்தான் முந்தினாள். ஐரிஸுக்குக் கண் கலங்கியது, அதே நேரம் அதற்கும் வயிறு எரிந்தது.

புது வருடம் பாட நேரசூசி ஒட்டினார்கள். வணிகக் கல்வி உதயகலாவுக்கு. ஐரிஸ் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நுளம்பைப் பற்றிச் சொல்லுகிறாள், முற்றுப்புள்ளியோடு. ஆசிரியர் அறைச் சீட்டைத் தானாகவே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டாள். லெனாட்டுக்கு நடந்ததெல்லாம் தெரியும்; அவர் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடிக்கிறார். வியாழக்கிழமைகளில் காசுக் கழகம் திரும்ப நடக்கிறது. சிரிப்புச் சத்தம் நூலகம்வரைக்கும் வரும். அதற்கு இப்போது ஐரிஸ் யன்னலைச் சாத்துவதில்லை.

நோட்ஸில் விளங்காததைக் கேட்கச் சில பிள்ளைகள் நூலகத்துக்கு வருவதுண்டு. அனுஜாவும் வருவாள், புத்தகம் எடுப்பதற்கு. “குட்மோர்னிங் ரீச்சர்” என்பாள், கையெழுத்து வைப்பாள், போய்விடுவாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டியதையெல்லாம் அவள் இப்போது உதயகலாவிடம்தான் கேட்கிறாள். அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டிப் போகும்போது ஐரிஸுக்கு எரிகிற எரிவில், முன்னர் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.