பதினாறு அடி ஹால்

தேவாரத்தில் நாங்கள் வீடு கட்டி ஏழு வருடம் ஆகிறது. மனையடி சாஸ்திரப்படி ஹாலின் உள் அளவு பதினாறு அடி இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நான்தான். இடம் பதினைந்தடிதான் வந்தது. குறைந்த ஓரடியைப் பாத்ரூமிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

"அக்கா, அப்பறம் பாத்ரூம் கதவு ரெண்டடிதான் வரும். வயசான காலத்துல சிரமப்படுவீக," என்றார் கொத்தனார்.

"பதினஞ்சு ஆகாதுங்கிறாக. நீங்க வேலையப் பாருங்க," என்றேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஹாலைத்தான் மெச்சினார்கள்.

சென்ற வருடம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தோம். பாத்ரூம் வாசலில் நாற்காலி முட்டி நின்றுவிட்டது. அதே கொத்தனாரை வரவழைத்துக் காட்டினேன்.

"ரெண்டு பக்கமும் பில்லரு, மேல தண்ணித் தொட்டி. இதுல இனி கைவைக்க முடியாதுக்கா," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது எங்கள் பக்கம் யார் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டினாலும் டேப்போடு போய் நிற்கிறேன். பாத்ரூம் கதவை மூன்றடி வையுங்கள், இப்போதே செய்தால் பெரிய செலவில்லை என்கிறேன். "நாங்க என்ன கெழவங்களாக்கா?" என்று சிரிக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பி, ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, ராசியான அந்தப் பதினாறு அடி ஹாலின் நடுவில் வைத்து அவர் உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். துடைத்து முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறப்பதே இல்லை.